கரிசல் பூமியில் வீடு கட்டிய வரலாறு

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு அதில் இடம்பெறுவது மரபு. இம்மலரிலும் அது வேறு பக்கங்களில் வந்துள்ளது. ஆனால் அந்த ஆலயத்தைச் சுற்றி வாழும் நாம், நம் குடும்பங்களுக்கென்று வீடு கட்டிக்கொண்ட வரலாற்றை எழுதி வைக்க மறந்துவிட்டோம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிச் சேர்த்த காசிலும், பருத்தியும் மல்லியும் விற்ற காசிலும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்திலும் எழுந்தவை நம் வீடுகள். அவற்றில் சுவர் வெடிக்காத வீடு எத்தனை? கதவு ஐப்பசியில் ஒரு மாதிரியும் சித்திரையில் ஒரு மாதிரியும் அடைபடாத வீடு எத்தனை?

சுவரில் கோடு விழுந்ததும் நாம் முதலில் கை நீட்டியது கொத்தனாரை நோக்கித்தான். சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்றோம். சிலர் கண்ணேறு என்றனர். சிலர் வாசல் வைத்த திசை சரியில்லை என்றனர். காலடியில் கிடக்கும் மண்ணை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த மண்ணின் வரலாற்றையும், அதன்மேல் நிலைத்து நிற்க மனிதன் கற்றுக்கொண்ட வழிகளின் வரலாற்றையும் இக்கட்டுரையில் சுருங்கச் சொல்ல விழைகிறோம்.

மண்ணின் குணம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரிந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. பருத்திக்கும் கம்புக்கும் சோளத்திற்கும் உளுந்துக்கும் பெயர் பெற்றது. இம்மண்ணின் சாகுபடியை ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்றால் இதன் பெருமை விளங்கும். கரிசல் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரிசல்தான். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம், ஆந்திரம் என்று அது பரந்து கிடக்கிறது.

பயிருக்கு இம்மண் தாய் என்பதில் ஐயமில்லை. மழைநீரை உள்வாங்கி, மழை நின்ற பின்னும் பல வாரங்கள் வேருக்கு ஈரம் கொடுக்கும். ஆனால் எந்தக் குணம் பயிரை வாழ வைக்கிறதோ, அதே குணம்தான் வீட்டை வெடிக்க வைக்கிறது.

காரணம் மண்ணிலுள்ள ஒரு களிமண் தாது. பிரான்சு நாட்டில் மான்மொரில்லோன் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் 1847-ஆம் ஆண்டு முதல் அதற்கு மான்ட்மொரில்லோனைட் என்று பெயர். புத்தகத்தின் ஏடுகளைப் போல மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது அது. தண்ணீர் பட்டால் அந்த ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். வெயிலில் நீர் வெளியேறினால் ஏடுகள் நெருங்கும். மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் நம் காட்டில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உப்பும் மண் சும்மா உப்புவதில்லை. மேலே இருப்பதைத் தூக்கிக்கொண்டு உப்புகிறது. பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ எடைதான் இருக்கும். ஈரம் குடித்த கரிசலின் அழுத்தமோ சதுர மீட்டருக்குப் பல டன். எனவேதான் கனத்த சுவர்களையுடைய பெரிய கட்டடங்களைவிட, ஒற்றை மாடிச் சிறு வீடுகளே அதிகம் வெடிக்கின்றன. ஏழையின் வீட்டைத்தான் இம்மண் எளிதில் தூக்குகிறது.

மண்சுவர்க் காலம்

நம் முன்னோர் இந்தச் சாத்திரம் எதுவும் படித்தவர்கள் அல்லர். ஆனால் மண்ணோடு சண்டையிடாமல் வாழ அறிந்திருந்தனர். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த காலத்தில் சுவரில் வெடிப்பு விழுந்தால் அதே மண்ணைக் குழைத்து அடைத்து, சாணம் மெழுகி, பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிடுவர். வசதியுள்ளோர் சுண்ணாம்புக் காரை அரைத்துக் கட்டினர். சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகும். சிறிது அசைவுக்கு இடம் கொடுக்கும். வானம் தோண்டும்போது கரிசலுக்கு அடியில் சுக்கான் தட்டும் வரை தோண்டுவது விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். சுக்கான் ஆழத்தில் இருந்தால், பலர் வானத்தில் மணலைக் கொட்டி அதன்மேல் கட்டினர். இதில் ஒரு தவறும் நேர்ந்தது. சுற்றிலும் களிமண், நடுவில் மணல் என்றால் அந்தக் குழியே மழைநீர் தங்கும் தொட்டியாகிவிடும். நாமே அஸ்திவாரத்திற்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைத்ததாகிவிடும்.

சிமெண்டும் கம்பியும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபோது மண்சுவர் போய்ச் செங்கற்சுவர் வந்தது; சாணம் மெழுகிய தரை போய்ச் சிமெண்டுத் தளம் வந்தது. வீடு உயர்ந்தது, உண்மைதான். ஆனால் சிமெண்டு வளையாது. வளைய மறுப்பது உடையும். மண்வீட்டில் வருடந்தோறும் பூசி மறைத்த வெடிப்பு, சிமெண்டு வீட்டில் நிரந்தரத் தழும்பாயிற்று.

ரூர்க்கியில் பிறந்த வழி

பொறியியல் உலகமும் இதை வெகு காலம் உணரவில்லை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் ஓவைஹீ பாசனத் திட்டத்தில் ஓர் இரும்புக் குழாயின் அஸ்திவாரம் அசைந்தபோது, 1938-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு நீர்ப்பாசனத் துறை உப்பும் மண்ணைத் தனிப் பிரச்சினையாகக் கண்டுகொண்டது.

நம் நாட்டில் இதற்கு விடை தந்தது ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம். டாக்டர் தினேஷ் மோகன் முதலிய அறிஞர்கள் 1950-களிலிருந்து இதில் உழைத்தனர். அவர்களது சிந்தனை எளிமையானது. மழைக்கும் வெயிலுக்கும் அசைவது மேல்மண் மட்டுமே. சுமார் மூன்று மூன்றரை மீட்டருக்குக் கீழே ஈரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாது. அங்கே காலூன்றினால் என்ன?

இப்படிப் பிறந்ததுதான் அண்டர்ரீம்டு பைல். கையால் சுழற்றும் துளைக் கருவியால் குழி இறக்கி, அடியில் மற்றொரு கருவியால் குடம்போல் அகலப்படுத்தி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். குடத்தின் விட்டம் தண்டின் விட்டத்தைப்போல் பொதுவாக இரண்டரை மடங்கு. மேல்மண் தூக்கப் பார்த்தாலும் அடியிலுள்ள குடம் நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலைகளை இணைக்கும் பீமின்மேல் சுவர் எழும்பும். அந்தப் பீம் தரையைத் தொடக்கூடாது. குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்தில் உப்பிக்கொள்ளட்டும் என்பது கருத்து. 1973-ஆம் ஆண்டில் இம்முறை இந்தியத் தர நிர்ணயமாகவே வெளியிடப்பட்டது. பெரிய இயந்திரம் ஏதுமின்றி, முக்காலியும் நாலு ஆளும் இருந்தால் செய்யக்கூடியது என்பதே இதன் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை மிஞ்சியது. சுவர் நின்றது; தளம் எழும்பியது! பைல் தாங்குவது சுவரைத்தான். அறைக்குள் மண்ணின்மேல் போட்ட தளம் பழையபடி மண்ணின் கையில்தான் இருந்தது. வீட்டின் நடுவில் தளம் ஆமை முதுகுபோல் புடைப்பதற்கும் காரணம் உண்டு. திறந்த நிலத்தில் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும். தளம் போட்டு மூடிய இடத்தில் ஈரம் வெளியேற வழியின்றி மெல்ல மெல்லச் சேரும். ஓரங்கள் மட்டும் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். இவ்வாறு நடு ஒரு பக்கம், ஓரம் ஒரு பக்கம் இழுக்க, இடையில் தளம் பிளக்கும்.

தளத்திற்குக் கிடைத்த விடைகள்

இதற்கு இரு வழிகளில் விடை தேடப்பட்டது. ஒன்று, மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவே நல்ல மண்ணை வைப்பது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். கே. கட்டி, கரிசலின்மேல் சுமார் ஒரு மீட்டர் கனத்திற்கு, உப்பாத ஆனால் பிடிப்புள்ள மண்ணை அடுக்கி இறுக்கினால் கீழே உள்ள உப்பல் பெருமளவு அடங்கும் என்று காட்டினார். 1978-ஆம் ஆண்டு இந்திய மண்ணியல் பொறியாளர் சங்கத்தின் ஆண்டுச் சொற்பொழிவில் இவ்வாராய்ச்சியை அவர் விளக்கினார். கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாயில் இம்முறை கையாளப்பட்டது.

மற்றொன்று, தளத்தையே ஒரே துண்டாக உறுதிப்படுத்துவது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் நம்முடையதைப் போன்ற மண் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே தரைமேல் நேராகத் தளம் போட்ட வீடுகள் பெருகின, வெடிப்புகளும் பெருகின. 1973-ஆம் ஆண்டு ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரு பொறியாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். உப்பும் மண்ணால் அந்நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 230 கோடி டாலர் சேதம் என்றும், வெள்ளம், புயல், சூறாவளி, நிலநடுக்கம் அனைத்தும் சேர்ந்து விளைவிப்பதைப்போல் இது இருமடங்குக்கு மேல் என்றும் எழுதினர். புயலைப் பற்றிப் பத்திரிகை எழுதும். மெல்ல விரியும் சுவர்க்கோட்டைப் பற்றி யார் எழுதுவார்?

இதற்குள் 1968-ஆம் ஆண்டிலேயே அங்கே வீட்டுத் தளங்களுக்கான விதிமுறை ஒன்று வெளியாகியிருந்தது. தளத்தின் அடியில் குறுக்கும் நெடுக்கும் பீம்கள் அமைத்து, தளத்தையும் பீமையும் ஒன்றாக வார்ப்பது அதன் சாரம். திருப்பிக் கவிழ்த்த பணியாரச் சட்டிபோல் அது விளங்கும். மண் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கினாலும், வீடு முழுவதும் ஒரு படகுபோல் சேர்ந்தே அசையும், உடையாது.

செய்யும் முறை

நம் ஊரில் இப்படித் தளம் போடுவோர் கவனிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறோம். முதலாவது, மண்ணைச் சோதிப்பது. பத்து கிராம் உலர்ந்த, சலித்த மண்ணை ஓர் அளவுக் குடுவையில் தண்ணீரிலும், அதே அளவு மண்ணை மற்றொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் அதைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது, மேல் கரிசலை அகற்றிவிட்டு, அதே மண்ணைத் திரும்பக் கொட்டாமல், களிப்பிடிப்புள்ள சரள் மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து இறுக்குவது. மூன்றாவது, அதன்மேல் பாலித்தீன் தாள் விரித்து, கம்பியைத் தரையில் கிடத்தாமல் கவர் பிளாக்கின்மேல் நிறுத்தி, பீமையும் தளத்தையும் ஒரே மூச்சில் வார்ப்பது. பீமின் ஆழமும் கம்பியின் அளவும் மண்ணுக்கு மண் மாறும். அதைப் பொறியாளர் கணக்கிட்டே சொல்ல வேண்டும். அந்தக் கூலியில் மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது. நான்காவது, கோடை உச்சத்தில் வெடித்துக் கிடக்கும் மண்ணின்மேல் அவசரமாகத் தளம் போடாதிருப்பது. வெடித்த மண் அடுத்த மழையில் உப்பியே தீரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கட்டி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. வீட்டைச் சுற்றி ஈரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் சரிவான சிமெண்டுத் திண்டு வேண்டும். குளியலறைத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சுவரோரம் தேங்காமல் குழாய்வழி தூரத்தில் விழ வேண்டும். வேம்போ புங்கமோ வைப்பதானால், மரம் வளரக்கூடிய உயரத்தின் அளவாவது வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வேர் குடிக்கும் தண்ணீர் அஸ்திவாரத்தின் அடியிலுள்ள தண்ணீர்தான்.

முடிவாக ஒரு கடன்

எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் வெடித்தபோது, அதைக் கட்டிய கொத்தனாரை நாங்களும் ஊரறியப் பேசினோம். அவருக்குத் தரவேண்டிய கடைசிக் கூலியையும் நிறுத்தி வைத்தோம். வெகு காலத்திற்குப் பின், இந்த மண்ணைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்தச் சுவரோரம் நடந்து பார்த்தோம். ஒரு பக்கம் நாங்கள் நிழலுக்கென்று வைத்த வேப்பமரம். மறுபக்கம் நாங்களே வெட்டிவிட்ட குளியலறைத் தண்ணீர். ஒரு முனை காய்ந்து இறங்கியது; மறுமுனை குடித்து எழும்பியது. சுவர் பாவம், நடுவில் பிளந்தது. கொத்தனார் சிமெண்டைக் குறைக்கவில்லை. நாங்கள்தான் அவருடைய நற்பெயரைக் குறைத்தோம். கூலியைப் பின்னர் அவர் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வார்த்தையைத் திருப்பி வாங்க முடியவில்லை.

இதைப்போல் நம் ஊரில் எத்தனை கொத்தனார்கள் செய்யாத குற்றத்திற்குத் தலைகுனிந்திருப்பார்களோ! அண்ணன் தம்பி பாகத்தில் வெடித்த வீடு யாருக்கு என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தனவோ! வீட்டின் வெடிப்பைப் பூசிவிடலாம். மனிதருக்குள் விழும் வெடிப்பைப் பூசுவது எளிதன்று.

கரிசல் கெட்ட மண்ணன்று. அது நமக்குச் சோறும் துணியும் தந்த மண். அதன் குணத்தை அறிந்து கட்டுவோம். இனி ஒரு சுவர் வெடித்தால், யார்மீதும் கை நீட்டுமுன் சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். இம்மலரைப் படிக்கும் இளைஞர்கள் தங்கள் வீட்டைக் கட்டும் நாளில் இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால், இக்கட்டுரை எழுதியதன் பயன் கிட்டியதென்று மகிழ்வோம்.