பூசை இல்லாத ஞாயிறுகள்

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையையும் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஞாயிறு நிச்சயமான ஓய்வுநாள் அல்ல. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்டும் ஞாயிறு வேலையும் சேர்ந்தே வரும். பூசைக்குப் போக முடியாத கத்தோலிக்கத் தொழிலாளியைப் பார்த்து, மரபு அறுந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. கொங்கு நாட்டுத் திருச்சபையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த மண்ணில் விசுவாசம் வேர்பிடித்ததே பூசை அரிதாக இருந்த காலத்தில்தான். அதைக் காத்து வளர்த்ததில் பெரும்பங்கு பொதுநிலையினருடையது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய பணி, அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சத்தியமங்கலம் வழியாகக் கொங்குக்குள் பரவியது. விரல்விட்டு எண்ணக்கூடிய இயேசு சபைக் குருக்கள், நாட்கணக்கில் நடந்து ஊர் ஊராகப் போனார்கள். குருவானவர் அடுத்து வரும்வரை ஜெபம் சொல்லிக்கொடுத்தவரும், சாகக்கிடந்தவரின் அருகே இருந்தவரும், பிழைக்குமா என்று தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் பொதுநிலையினரான உபதேசியார்தான். 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமென்ட் இயேசு சபையைக் கலைத்தார். மைசூர்ப் போர்களும் கொங்கை உலுக்கின. ஆனாலும் கிறிஸ்தவர்கள் இங்கே எஞ்சினார்கள். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டியில் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆயராகத் திருநிலை பெற்றார். அந்த ஊர் ஜெபமாலை மாதாவின் ஊர் என்பது பொருத்தமானது. ஜெபமாலைக்குப் பலிபீடமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்; விரல்களும் மனப்பாடமும் போதும். குருக்கள் குறைந்த நாட்டுக்கு ஏற்ற பக்தி அது.

நற்கருணையின்றித் திருச்சபை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உபதேசியார் ஒருநாளும் குருவானவரின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. குருவானவர் வந்தபோது பூசைக்குக் கூட ஒரு சபை இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டமே. புதுச்சேரி குருமடத்தை நடத்திய பிரெசிலாக்கும், இந்த மண்ணின் மக்களிடமிருந்தே குருக்கள் எழ வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வெளியிலிருந்து வருபவரை மட்டும் நம்பிய சபை, அவர் போனதும் தளர்ந்துவிடும் என்பதே இதன் பொருள்.

இன்னொரு மறுப்பு மொழியைப் பற்றியது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வரும் ஆதிவாசிக் கத்தோலிக்கர் தம் மொழியில் ஜெபித்தால் தமிழ்த் திருச்சபையின் மரபு என்னாகும்? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களின் மொழிகளுக்கு வழிவிட்டது. இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ் ஒலித்தபோது நாம் மகிழ்ந்தோம். நமக்குக் கிடைத்த அந்த நியாயத்தை அவர்களில் சாத்ரி மொழி பேசுபவருக்கு மறுக்க முடியாது. மரபு என்பதற்காகப் பழையது அனைத்தையும் சுமக்கவும் வேண்டியதில்லை. பழைய மிஷன், மேல்சாதியாருக்கு ஒரு வகைத் துறவியும் மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகளும் என்று குருக்களையே பிரித்தது. அந்தப் பிரிவின் வடு இன்னும் ஆறவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று புதிதாக ஒரு கோடு போட்டால் அதே பிழையைத் திரும்பச் செய்கிறோம்.

2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். கொங்கு நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. பங்குகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் டேபிளிலும் வேலை செய்பவர்களிலிருந்து, அவரவர் மொழி பேசும் உபதேசியார்களைத் தேர்ந்து பயிற்றுவியுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் இரவிலும் லைன் வீட்டு வாசலில் ஜெபமாலை சொல்ல ஆள் இருந்தால், மரபு அறுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.