தீவகத்துக்கு ஒரு நாள் போதாது

விடுமுறையில் யாழ்ப்பாணம் வரும் புலம்பெயர் உறவுகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?” என்பதுதான். ஓடி ஓடிப் பார்க்கலாம். நான் சொல்வது, நெடுந்தீவில் ஓரிரவு தங்குங்கள்.

இரண்டு தீவுகளுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு ஏற வேண்டும். நயினாதீவுக்குச் சுமார் 20 நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் அரைநாள் போதும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மார்கழி மழையிலும் சோழகக் காற்றிலும் கடல் குழம்பும், படகு நின்றுவிடவும் கூடும். அதனால் நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முதல்நாள் போகாதீர்கள்.

ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம், முருகைக்கல் வேலிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று தூரம். மட்டக்குதிரைகளைப் பார்க்க விடியற்காலை நல்லது. ஓட்டோவும் சாப்பாடும் தங்குமிடமும் ஊர்ச்சனத்திடமே எடுங்கள். பகல் பயணிகளால் தீவுக்குக் கிடைப்பது குறைவு. நல்ல தண்ணீர் அங்கே அருமை, பார்த்துச் செலவழியுங்கள்.

அந்தப் படகில்தான் தீவுச்சனம் யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் போய்வருகிறது. நோயாளருக்கும் முதியவருக்கும் இருக்கை விடுங்கள்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள், பெண்கள் உட்பட 20 பேருக்கு மேல் வெட்டிக் கொன்றார்கள். நினைவிடம் மாவிலித்துறையில், நீங்கள் இறங்கும் இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுடன் வருபவர்கள் கோட்டைக்குப் போகமுன் அங்கே சற்று நில்லுங்கள்.