பிறப்பதற்கு முன் அறிதல்



கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் என எவ்வூருக்குச் சென்றாலும், கருவுற்ற தாய்மார்க்கு ஸ்கேன் எடுக்கும் நிலையங்களில் ஓர் அறிவிப்புப் பலகையைக் காண்பீர்கள். கருவின் பாலினம் இங்கே கூறப்படமாட்டாது, கூறுதல் குற்றம் என்பது அதன் சாரம். அவ்வாறாயின் அங்கே அறியப்படுவது யாது? அறியப்படுவனவற்றுள் ஒன்று, 'டவுன் சிண்ட்ரோம்' என்னும் பிறவிக் குறைபாடு குழந்தைக்கு இருக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பது. இவ்வறிவு மனிதனுக்குக் கிட்டிய வரலாற்றையும், அதனை அவன் கையாண்ட விதத்தையும் இன்று காண்போம்.

லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866-இல் இக்குழந்தைகளின் இயல்புகளைத் தொகுத்து எழுதினார். முகச்சாயலைக் கொண்டு மங்கோலியரின் பெயரை அவர்களுக்குச் சூட்டியது அவர் செய்த பிழை. அப்பெயரை உலக சுகாதார நிறுவனம் 1965-இல் கைவிட்டது. 1933-இல் பென்ரோஸ் என்னும் அறிஞர், தந்தையின் வயதையும் தாயின் வயதையும் பிரித்துக் கணக்கிட்டு, தாயின் வயதே இதனோடு தொடர்புடையது என்று காட்டினார். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956-இல் உறுதியாயிற்று. 1959-இல் பாரிஸ் நகரில் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் ஆகிய மூவரும், இக்குழந்தைகளிடம் 21-ஆவது குரோமோசோம் ஒன்று மிகுதியாக இருப்பதை வெளியிட்டனர்.

இக்கண்டுபிடிப்பு நம் நாட்டுத் தாய்மார்க்கும் ஆறுதல் தருவது. இத்தகைய குழந்தை பிறந்தால், கிரகணத்தின்போது வெளியே வந்தாள் என்றும், முன்வினை என்றும் தாயைப் பழிப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. உண்மையில், பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்பொழுது குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமையே காரணம். அது எவர் செய்த தவறும் அன்று. மாமன் மகளை மணந்ததனால் நேர்ந்தது என்று கூறுவாரும் உளர். நெருங்கிய உறவுத் திருமணம் வேறு சில பரம்பரை நோய்களுக்கு இடந்தரலாம். இக்குறைபாட்டிற்கு அது காரணமென்று நிறுவப்படவில்லை.

கருவைச் சூழ்ந்த நீரைச் சிறிது எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைச் சோதித்து, டவுன் சிண்ட்ரோமைப் பிறப்பதற்கு முன்பே அறியும் முறை 1968-இல் கைகூடியது. 1970-களின் நடுவில் அது இந்தியாவுக்கும் வந்தது. ஆனால், குறை காண வந்த சோதனையைப் பெண் கருவை அறிந்து அழிப்பதற்குப் பலர் பயன்படுத்தினர். கொங்குநாடும் இப்பழியினின்று நீங்கியதன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்திலேயாகும். பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுகளைக் கண்டறியும் சோதனையை அச்சட்டம் நிபந்தனைகளோடு அனுமதித்தது.

இனி, எண்களுக்கு வருவோம். 20 வயதுத் தாய்க்கு இத்தகைய குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1,500-இல் 1. 35 வயதில் 350-இல் 1. 40 வயதில் 100-இல் 1. எனினும் இளம் தாய்மார்க்கே மிகுதியான பிள்ளைகள் பிறப்பதால், இக்குழந்தைகளுள் பலரும் இளம் தாய்மாரின் மக்களே. ஆகவே வயதை மட்டும் நோக்குவது போதாதாயிற்று. 1980-களில் தாயின் இரத்தச் சோதனையும், 1992-இல் கருவின் கழுத்துப்புற நீரை ஸ்கேனில் அளக்கும் முறையும் வந்து சேர்ந்தன. தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. கலந்திருப்பதை டென்னிஸ் லோ 1997-இல் கண்டார். அதன்வழிச் சோதனை 2011-இல் பயனுக்கு வந்தது.

இவையெல்லாம் வாய்ப்பினைக் கூறுவன. முடிவினைக் கூறுவன அல்ல. '250-இல் 1' என்று தாளில் வந்தால், அதே விடை பெற்ற 250 தாய்மாருள் ஒருவர்க்கே குழந்தையிடம் இக்குறைபாடு இருக்கும். 249 பேர்க்கு இராது. ஐயம் நீங்க நீர்ச் சோதனை வேண்டும். அதனால் சிறுபான்மை கருச்சிதைவும் நேரலாம். அதனாலேயே, பயனையும் தீங்கையும் விளக்கி, தாய்க்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் அவளது இசைவைப் பெறவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. சோதனை செய்துகொள்வதும் மறுப்பதும் அவளது உரிமை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இளமையிலேயே மாண்டனர். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் அவர்கள் சராசரியாக 60 ஆண்டுகள் வாழ்கின்றனர். நம் நாட்டிலும், மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு அளித்துள்ளது.

நாளை உங்கள் அக்காளோ அண்ணியோ அத்தகைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களைக் கேட்கக்கூடும். அப்பொழுது அவ்வெண்ணின் பொருளைப் பதற்றமின்றி எடுத்துரைத்து, மருத்துவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்கத் துணைநிற்பீர்களாயின், நீங்கள் கற்ற கணக்கும் அறிவியலும் பயன் தந்தனவாகும்.