இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்களே!



உழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை ஓர் ஓவியத்தின் வழியாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஸ்பானிய ஓவியர் ஹோவாக்கின் சொரோயா 1894இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அது, மத்ரித்திலுள்ள பிராதோ அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. ஏறத்தாழ 5 அடி உயரமும் ஆறே முக்கால் அடி அகலமும் கொண்டது.

மீன்பிடிப் படகொன்றின் உட்புறம். கடலில் அடிபட்ட இளைஞன் ஒருவன் மேற்சட்டையின்றிச் சாய்ந்து கிடக்கிறான். வயதில் மூத்த மீனவர் இருவரில் ஒருவர் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மற்றவர் காயத்தைத் துணியால் அழுத்துகிறார். அவன் கழுத்தில் சமயப் பதக்கம் ஒன்று தொங்குகிறது. பின்னால் அன்றைய மீன்பாடு குவிந்து கிடக்கிறது.

சொரோயா இதற்கு இட்ட தலைப்பு: ‘இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்களே!’ அப்படிச் சொல்கிறவர் படத்தில் இல்லை. அவர் சந்தையில் நின்று பேரம் பேசுகிறவர். மீனுக்கு அவர் கொடுக்கும் காசு கணக்கில் ஏறுகிறது. இளைஞன் சிந்திய இரத்தம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சொரோயாவின் நண்பரும் குடியரசுவாதியுமான பிளாஸ்கோ இபானியெஸ், வலென்சியா மீனவர் வாழ்வைப் பற்றி 1895இல் எழுதிய ‘மே மலர்’ நாவலும் இதே ஆவேசத்தோடுதான் முடிகிறது.

சொரோயா 1863இல் வலென்சியாவில் பிறந்தவர். 2 வயதில் பெற்றோர் இருவரையும் காலராவுக்குப் பறிகொடுத்து, தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டுத் தலைவர் பூட்டுத் தொழிலாளி. உழைப்பவர் உடலை இரக்கத்துக்குரிய பொருளாக்காமல் அவர் தீட்டியதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1895 தேசியக் கலைக் கண்காட்சியில் ஓவியம் முதல் வகுப்புப் பதக்கம் பெற்றது. அரசே அதை விலைக்கு வாங்கியது. ஆனால் வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு இழப்பீடு தரச் சொல்லும் முதல் சட்டம் ஸ்பெயினில் 1900இல்தான் வந்தது. காயம்பட்டவனின் படத்துக்கு உடனே விலை கிடைத்தது. காயத்துக்கான பொறுப்பை ஏற்க மேலும் 5 ஆண்டுகள் ஆயின. அதுவும் தொழிலாளர் போராட்டங்கள் வலுத்துவந்த காலத்தில்.

இந்த மீனவரை நம் நிலையோடு அப்படியே சமப்படுத்திவிடவும் கூடாது. அவர் வறுமையாலும் வர்க்கத்தாலும் ஒடுக்கப்பட்டவர். சாதி அதற்கும் மேலே போகிறது. அது உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்துவைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் விளக்கினார். படகில் இருக்கும் மூவரும் ஒருவரையொருவர் தொட்டுத் தாங்குகிறார்கள். சாதியச் சமூகத்தில் உழைப்பாளிகளுக்கு இடையே அந்தத் தொடுதலே மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வர்க்கத்தைப் பேசும் கலையிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அது பேசாததை நாம் எழுத வேண்டும்.

மாணவத் தோழர்கள் உழைப்பைச் சித்திரிக்கும் எந்தப் படைப்பின் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விலையைப் பற்றிப் புலம்புகிறவர் யார்? அந்த விலையை உடலால் செலுத்தியவர் யார்? படைப்பைப் போற்றிய கைகள் அந்த உடலுக்காக என்ன செய்தன?