சிக்கனப் பொறியை வாங்காத சுரங்க முதலாளிகள்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எல்செக்கார் என்னும் ஊரில் பழைய நீராவிப் பொறி ஒன்று, நிறுவப்பட்ட இடத்திலேயே இன்றும் நிற்கின்றது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க 1795ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அப்பொறி 1923 வரை உழைத்தது. அது தாமஸ் நியூகோமன் 1712இல் இயக்கிக் காட்டிய பழைய முறையைச் சேர்ந்தது. ஜேம்ஸ் வாட் அதனினும் சிறந்த முறைக்கு 1769லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அவ்வாறிருக்க, இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் பழைய பொறியையே புதிதாக வாங்குவானேன்?

நியூகோமன் பொறியில் உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து நீராவியைக் குளிர்விப்பர். ஒவ்வொரு வீச்சிலும் உருளை குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டும். கரி வீணாவது அங்கேதான். வாட் நீராவியைத் தனிக் கலம் ஒன்றில் குளிர்வித்தார். ஆகவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரியே போதுமானதாயிற்று.

கார்ன்வால் மாவட்டத்தில் செம்பும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். அங்கே 1777இல் நுழைந்த வாட் பொறி, சில ஆண்டுகளிலேயே பழைய பொறிகளை ஏறக்குறைய முழுவதும் வெளியேற்றிவிட்டது. கரிச் சுரங்கக்காரர் நிலையோ வேறு. விலை போகாத தூள்கரி அவர்கள் வாசலிலேயே குவிந்து கிடந்தது. அதை மிச்சப்படுத்த உரிமைத் தொகையும் கட்டி, நுட்பமாகக் கடைந்த உருளையும், பழுது பார்க்கத் தேர்ந்த வினைஞரும் தேடவேண்டுமா? அவர்களை அறிவிலிகள் என்பது பொருந்தாது. அவர்கள் கணக்கு சரியான கணக்கே.

ஆனால் கணக்கு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் பொறிக்கு விலை கேட்கவில்லை. மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டனர். பழைய பொறி மறைந்தபின், எரிக்காத கரிக்காக ஆண்டுதோறும் பணம் கொடுப்பது கார்ன்வால்காரருக்குக் கசந்தது. (கடன் தீர்ந்தபின் வட்டி கட்டுவதுபோல் தோன்றியிருக்கும்!) சிலர் எட்வர்ட் புல் போன்ற வேறு பொறியாளரிடம் சென்றனர், வழக்குகள் எழுந்தன.

1800இல் காப்புரிமை முடிந்தது. உடனே சிக்கனம் பெருகவில்லை. கவனிப்பாரற்றுப் பொறிகள் சீர்கெட்டன. எந்தப் பொறி எவ்வளவு கரி தின்கிறது என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. 1811இல் ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு பொறியின் உழைப்பையும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடலானார். ஒரு புஷல் கரி எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்துகிறது என்பதே அளவு. தொடக்கத்தில் சராசரி இரண்டு கோடிக்கும் குறைவு. 1840களில் அது ஏறக்குறைய மும்மடங்காயிற்று. அயலான் பொறியின் எண் அச்சில் வந்தபின் எவன் சும்மா இருப்பான்?

அத்தகைய உயரழுத்தப் பொறியையும் லங்காஷயர் பஞ்சாலை முதலாளிகள் நெடுங்காலம் தொடவில்லை. அங்கே கரி மலிவு. மேலும், நீர் இறைப்பதற்கு ஏற்ற அதன் வீச்சு, நூற்புக்கு வேண்டிய சீரான சுழற்சியைத் தரவில்லை. இழை அறுந்தால் வரும் நட்டம் கரிச் செலவை விழுங்கிவிடும்.