பெப்ரவரி 4: ஜாயாவின் பேச்சோடு முடிந்துவிடாத பாடம்



சுதந்திர தினத்துக்குப் பேச்சு எழுதித் தரக் கேட்டு தரம் 10 மாணவர் ஒருவர் வந்தார். வழமைபோல டி. பி. ஜாயாவைப் பற்றிச் சொன்னேன். "சேர், அதே நாளில யாழ்ப்பாணத்தில ஏன் கறுப்புக் கொடி கட்டுறாங்க?" என்று கேட்டார். "அது பேச்சுக்கு வேணாம் மகன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் இன்னும் மனதை உறுத்துகிறது.

1948 இல் நமக்குக் கிடைத்தது டொமினியன் அந்தஸ்து. அரச தலைவர் பிரித்தானிய மன்னர்தான். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் கையிலேயே இருந்தன. குடியரசானது 1972 மே 22 இல். இதனால் இடதுசாரிகள் அன்றே இதை அரைகுறைச் சுதந்திரம் என்றார்கள்.

கறுப்புக் கொடியின் கதை வேறு. 1945 நவம்பரில் சோல்பரி யாப்புத் திட்டத்தை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தது. சமூக நலனைவிட நாட்டின் விடுதலை பெரிது என்று ஜாயா நிபந்தனையின்றி ஆதரித்தார். இது நமக்குப் பெருமைதான். ஆதரவு 51, எதிர்ப்பு 3. எதிர்த்த மூவரில் இருவர் இந்திய வம்சாவளி மக்களின் பிரதிநிதிகள். இதை நாம் மேடையில் சொல்வதில்லை.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தின் சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. அந்தப் பிரச்சினை முழுமையாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 1948 இல் அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் நமது ஜாயாவும் தொழில் அமைச்சராக இருந்தார்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 பெப்ரவரி 4 இல் தமிழரசுக் கட்சியின் அழைப்பில் வடக்கு, கிழக்கில் கறுப்புக் கொடிகள் பறந்தன. அந்த மாணவரின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

ஜாயாவைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய அந்த அதிபரின் கடன் நம் எல்லோர் மீதும் உண்டு. ஆனால் 2019 க்குப் பிறகு அவரது பேச்சை நாட்டுப்பற்றுச் சான்றிதழாகவே தூக்கிக் காட்டப் பழகிவிட்டோம். நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தபோது எவ்வளவு வலித்தது! ஒரே சட்டத்தால் அந்நியராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கும் அப்படித்தானே வலித்திருக்கும்? பிறந்த மண்ணில் வாழச் சான்றிதழ் கேட்பது நமக்கு அநியாயம் என்றால், அவருக்கும் அது அநியாயம்தான்.

பள்ளிவாசலில் கொடி ஏற்றுவோம். கறுப்புக் கொடி கட்டுபவரைத் துரோகி என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

மாணவரை நாளை திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். பேச்சில் ஜாயா இருப்பார். அந்த 7 இலட்சம் பேரும் இருப்பார்கள்.