தாத்தாவோட ராலே சைக்கிளுக்கு என்ன விலை சொல்லலாம்?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையில் கொஞ்ச நேரம் நின்றாலே விதவிதமான சைக்கிள்களைப் பார்க்கலாம். வாடகை சைக்கிள், வெளிநாட்டுக்காரர்களின் கியர் சைக்கிள், நடுவில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் சாத்திவைத்த கறுப்பு டபுள் பார் வண்டி. அந்தத் திண்ணை வண்டியைப் பார்த்து, ``பழைய ராலேவா? என்ன விலைக்குத் தருவீங்க?'' என்று யாராவது கேட்டால் திணறிவிடுகிறோம். ஒன்று, எடைக்குப் போடுற விலைக்குக் கொடுத்துடுறோம். இல்லைன்னா, ``இங்கிலாந்து சைக்கிள்ங்க'' என்று லட்சத்தில் கேட்கிறோம். ரெண்டுமே தப்பு.

இங்கிலீஷ் பேர் இருந்தாலே இங்கிலாந்து வண்டி இல்லை. ராலேவின் தாய்வீடு நாட்டிங்ஹாம். ஆனால், மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே நிறுவனமும் ராலே வண்டிகளைத் தயாரித்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ, ஃபிலிப்ஸ் எல்லாம் 1949-ல் தொடங்கிய டி.ஐ சைக்கிள்ஸ் மூலம் நம்ம சென்னையிலேயே தயாரானவை. அதனால் முன்பக்க பேட்ஜில் ஊர்ப்பெயரைப் படியுங்கள். பேட்ஜையும் மாற்றிப் பொருத்தலாம் என்பதால், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, எது மாறியிருக்கு? டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் தேய்கிற பொருள்கள். மாறியிருந்தால் விலை குறையாது. ஃபோர்க், செயின்வீல், ஹேண்டில்பார், ஹப், சீட் மாறியிருந்தால்தான் அடி. பழைய ராலே செயின்வீலில் கொக்கு உருவம் வெட்டப்பட்டிருக்கும். அது இல்லாமல் சாதா வீல் இருந்தால், யாரோ மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால், அதில் வருடம் குத்தியிருப்பார்கள். `62' என்றால் 1962. அது ஹப்பின் வயசு. சக்கரம் மாறியிருந்தால் வண்டியின் வயசு வேறு!

பெடல் அச்சு சுழலும் பி.பி கப்பைக் கட்டாயம் பாருங்கள். நாட்டிங்ஹாம் ராலேவில் அங்குலத்துக்கு 26 மரை. வழக்கமான இங்கிலீஷ் அளவு 24. தெரியாமல் உள்ளூர் கப்பை முறுக்கி ஏற்றியிருந்தால் ஃபிரேமின் மரையே போயிருக்கும். அதற்கு அப்புறம் கொக்கு எத்தனை இருந்தும் விலை பேச முடியாது.

கணக்கு இப்படிப் போடலாம். ஓடுகிற நிலையில் உள்ள சாதா பழைய சைக்கிளுக்கு உள்ளூர் கடைக்காரர் சொல்லும் விலை அடிப்படை. அதோடு, மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்துக்கும் கூட்டுங்கள். ரிப்பேர் செலவைக் கழியுங்கள். சும்மா ஓர் உதாரணம்: அடிப்படை 3,000, பாகங்கள் 4,000, ரிப்பேர் 1,500 என்றால் 5,500 ரூபாய். ஆன்லைனில் போட்டிருப்பது கேட்கிற விலைதான், விற்ற விலை இல்லை.

விற்கும் முன் பளபளன்னு பெயின்ட் மட்டும் அடிச்சுடாதீங்க. பழைய கோடும் எழுத்தும் போனால் சேகரிப்பாளர் விலகிடுவார். கழற்றிய பழைய பாகங்கள் பரணில் கிடந்தால், துரு ஏறியிருந்தாலும் ஒரு கோணிப்பையில் போட்டு வண்டியோடவே காட்டுங்க.